‘புத்துணர்ச்சி’: பிழையில்லாமல் எழுதப் பழகுவோம்

முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: புதுமை + உணர்ச்சி. ‘மை’ கெட்டால் மிஞ்சுவது ‘புது’. அடுத்து நிற்பது உயிரெழுத்து என்பதால் த் இரட்டித்துப் ‘புத்து’ ஆகிறது. பிறகு அதன் கடைசி உகரம் விலக, நிற்கும் த் மேல் ‘உணர்ச்சி’யின் உகரம் ஏறிக்கொள்கிறது. புத்தாண்டு, புத்தாடை, புத்துயிர் எல்லாம் இதே வார்ப்புதான். அடுத்த சொல் மெய்யோடு தொடங்கினால் இந்த இரட்டிப்பு இல்லை: புதுமுகம், புதுவெள்ளம்.

எழுதும்போது இரண்டு இடங்களில் கை வழுக்கும். ஒன்று, ண. வேர் ‘உணர்’ என்பதால் மூன்று சுழி. இன்னொன்று, ‘ர்ச்சி’. ய், ர், ழ் மூன்றையும் அடுத்து இன்னொரு ஒற்று வரலாம். அதனால்தான் ஆய்ச்சி, வளர்ச்சி, மகிழ்ச்சி. ற் அப்படி இடம் தராது: முயற்சி, பயிற்சி. இந்த வேறுபாடு பிடிபடாதவர்கள்தான் ‘புத்துணர்சி’ என்று ஒற்றை விழுங்கிவிட்டு, ‘முயற்ச்சி’யில் அதைக் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள்.

அடுத்து பொருள். களைப்போ சலிப்போ முன்னால் இருந்து, அது நீங்கித் தெம்பு திரும்புவதே புத்துணர்ச்சி. உற்சாகத்துக்கு முன்களைப்பு தேவையில்லை. பரிசு கிடைத்தாலே வந்துவிடும். ஆகவே எழுதுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே களைத்திருந்தது யார்? விடை வராவிட்டால் வேறு சொல் தேடுங்கள். ‘புத்துணர்ச்சியான காற்று’ என்பது விளம்பரக்காரர்களின் தமிழ். காற்று எப்போது களைத்தது? ‘புத்துணர்ச்சி தரும் காற்று’ என்றால் சரி.

அழியவிருந்த கலைக்குக் கிடைப்பது புத்துயிர். வெள்ளையடித்த கட்டடம் பெறுவது புதுப்பொலிவு. பேச்சில் ‘தெம்பு வந்துச்சு’ போதும். அங்கே போய்ப் புத்துணர்ச்சி என்றால் மேடைவாடை அடிக்கும்.

வினைகள்: பெறுபவர் பக்கம் பெறு, அடை, தருவதன் பக்கம் தா, அளி, ஊட்டு. ‘புத்துணர்ச்சி செய்’ என்பது வழக்கில் இல்லை.

ஒற்று: ‘புத்துணர்ச்சி பெற்றனர்’ என்பதில் மிகாது. ஐ, கு என்னும் வேற்றுமை உருபுகள் வெளிப்பட்டால் மிகும்: புத்துணர்ச்சியைப் பெற்றனர், புத்துணர்ச்சிக்குக் காரணம். ‘ஆக’ சேர்ந்தாலும் மிகும்: புத்துணர்ச்சியாகப் பேசினார்.

இப்போது இந்த வாக்கியத்தைத் திருத்திப் பாருங்கள்: ‘ஓய்வுக்குப் பின் புதிய புத்துணர்ச்சியோடு வேலை தொடங்கியது.’ ‘புதிய’ மிகை. ‘புத்து’க்குள்ளேயே அது இருக்கிறது. வேலை களைக்காது, செய்பவர்தான் களைப்பார். ‘ஓய்வுக்குப் பின் ஊழியர்கள் புத்துணர்ச்சியோடு வேலையைத் தொடங்கினர்.’