அமெரிக்காவிலிருந்து வந்த கார்ட்லெஸ் போனும் வெளிநாடு போகும் முறுக்கு பார்சலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு ஹொரமாவில் இருக்கும் அக்கா வீட்டு ஹாலில் ஒரு கார்ட்லெஸ் போன் இருந்தது. அத்தான் நியூஜெர்சியிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது. "அங்கே 120 வோல்ட், இங்கே 230. அதை மட்டும் சரி பண்ணிட்டா போதும்டா" என்று சொல்லி, அதற்கென ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மொபைல் டவர் சோதனை வேலைக்கு வந்த பிறகுதான், கரண்டைப் பார்த்த நாங்கள் அலைவரிசையைப் பார்க்கவில்லை என்று புரிந்தது.

அமெரிக்காவில் விற்கும் டெக்ட் 6.0 வகை கார்ட்லெஸ் போன்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கின்றன. அங்கே அந்த இடம் அவற்றுக்கென்றே விடப்பட்டது. இந்தியாவிலோ 1920 முதல் 1980 வரை நம் கைப்பேசிகள் டவரோடு பேசும் வழி. தூரத்திலிருந்து வரும் கைப்பேசியின் மெல்லிய குரலுக்காக டவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து மாடியிலிருந்து கார்ட்லெஸ் போன் அதே இடத்தில் கத்தினால் என்ன ஆகும்? தெருவில் இருப்பவர்களின் அழைப்புகள் அறுந்து போகும். போன் வைத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, அவர் வீட்டில் எல்லாம் நன்றாகவே கேட்கும். யாரும் பேசாத நேரத்திலும் அதன் பேஸ் யூனிட் அலையை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அதனால் "எப்போதாவதுதானே பேசுகிறோம்" என்பது சமாதானம் ஆகாது. அங்கே வாங்கிய பேபி மானிட்டர்கள் பலவும் இதே வகைதான். பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

2ஜி வழக்குக்குப் பிறகு அலைக்கற்றை என்ற சொல்லைக் கேட்காத தமிழர் குறைவு. ஆனால் அது ஏலத்தில் மட்டும் பிரிவதில்லை. ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1865இல் தந்திக்காகப் பிறந்தது. இந்தியா 1869 முதல் அதில் உறுப்பினர். வானொலி அலைகளுக்காக அது உலகை 3 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அமெரிக்கக் கண்டங்கள் 2ஆம் மண்டலம், நாம் 3ஆம் மண்டலம். எந்த அலைவரிசை எந்தச் சேவைக்கு என்பதை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடுகள் கூடித் திருத்துகின்றன. கடைசியாக 2023இல் துபாயில் கூடின. அந்த வரம்புக்குள் ஒவ்வொரு நாடும் தன் அட்டவணையைத் தானே வகுத்துக்கொள்கிறது.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பாகம் வாங்கும் மாணவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை 2ஆம் மண்டலத்தில் உரிமம் இல்லாமல் குறைந்த சக்திக் கருவிகளை இயக்கலாம். அதனால் இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் பாடங்கள் எல்லாம் 915 என்றே சொல்கின்றன. இங்கே 890 முதல் 915 வரை மொபைல் சேவைக்கு உரியது. நமக்கு விடப்பட்டது 865 முதல் 868 வரை. குறைந்த சக்தியில் தொலைதூரம் தகவல் அனுப்பும் லோரா மாட்யூல் ஆனாலும் ஸ்மார்ட் பூட்டு ஆனாலும் அதில் இயங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பெட்டியில் உள்ள முத்திரையை நம்புவது. எஃப்.சி.சி. என்பது அமெரிக்காவுக்கு, சி.இ. என்பது ஐரோப்பாவுக்கு. ஜெனீவா ஒன்றியம் எந்தக் கருவிக்கும் முத்திரை தருவதில்லை. இங்கே பார்க்க வேண்டியது நம் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. என்ற அலைவரிசைப் பிரிவு தரும் இ.டி.ஏ. என்ற கருவி வகை ஒப்புதல் சான்று. பிள்ளைகளுக்கென்று வாங்கும் வாக்கி-டாக்கிக்கும் இதே கதைதான். அமெரிக்க செட்டுகள் 462, 467இல் பேசும், இங்கே உரிமம் வேண்டாதது 446.0 முதல் 446.2 வரைதான்.

செயற்கைக்கோள் போன், மலையேறுபவர்கள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் எஸ்.ஓ.எஸ். கருவி ஆகியவற்றை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரவே கூடாது. விமான நிலையங்களில் வெளிநாட்டினர் கைதாகியிருக்கிறார்கள். வெளிநாட்டு நண்பர் டிரெக்கிங்குக்கு வருகிறார் என்றால் டிக்கெட் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெங்களூரு போன் எண்களில் ஒரு சின்னத் தவறு: +91 080 என்று அச்சடிப்பது. முன்னால் வரும் 0 நாட்டுக்குள் கூப்பிட மட்டுமே. வெளிநாட்டவருக்கு +91 80 என்று கொடுங்கள்.

இனி பார்சல். 1874இல் பெர்ன் நகர உடன்படிக்கையில் பிறந்த உலக அஞ்சல் ஒன்றியத்தால்தான் மல்லேஸ்வரம் தபால் நிலையத்தில் கொடுத்ததை ஃபிராங்க்ஃபர்ட் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஆனால் உள்ளே விடுவதும் விடாததும் அந்தந்த நாட்டின் முடிவு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தனிநபர் பார்சலில் இறைச்சியையும் பால் பொருள்களையும் தடுக்கின்றன. ஆகவே பேரனுக்கு முறுக்கோடு பால்கோவாவையும் வைத்தால் முழுப் பெட்டியும் சிக்கலில் மாட்டலாம். சுங்கப் படிவத்தில் "கிஃப்ட்" என்று மட்டும் எழுதுவதும் தவறு. "அரிசி மாவு முறுக்கு, 500 கிராம்" என்று பொருள், எடை, மதிப்பு மூன்றையும் ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதுங்கள். இந்த விவரம் மின்னணு வடிவில் பார்சலுக்கு முன்னால் போய்ச் சேர்கிறது.

கண்காணிப்பு எண் 13 இடங்கள் கொண்டது. முதலில் 2 எழுத்து, பிறகு 9 இலக்கம், கடைசி 2 எழுத்து அனுப்பிய நாடு. நம்முடையது 'ஐ.என்.' என்று முடியும். இந்தியாவை விட்டுக் கிளம்பிய பிறகு அதே எண்ணைப் போய்ச்சேரும் நாட்டு அஞ்சல் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம்.

தொலைந்துபோனால் அங்கே இருக்கும் பிள்ளையை அலையவிடாதீர்கள். அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி பொதுவாக, அனுப்பியவர் அனுப்பிய நாட்டில்தான் புகார் தர வேண்டும், அதுவும் அஞ்சலில் சேர்த்த மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள். அக்கா ஒருமுறை 7 மாதம் பொறுத்துப் பார்த்தாள், ரசீதும் கையில் இருந்தது, ஆனால் கவுண்டரில் வாங்க மறுத்துவிட்டார்கள்.