வேலையில் மனசு ஒட்டவில்லையா? நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். நடுவில் இரண்டு வருடம் காலையில் கோட்டையூரில் பஸ் ஏறும்போதே கை கால் கனக்கும். வேலை தெரியாமல் இல்லை, சம்பளம் பாக்கி இல்லை, யாரும் கடிந்து பேசவும் இல்லை. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து பில் கட்டைப் பிரிக்கவே அரை மணி நேரம் ஆகும். எனக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்றே நம்பினேன்.

அதுதான் நான் செய்த முதல் தவறு. சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் காரணம் தேட மாட்டோம், நம்மையே திட்டிக்கொண்டிருப்போம். இப்போது என் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும் இதையே செய்கிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

சம்பளம் கூடினால் சரியாகிவிடும் என்று இருப்பது

சம்பளம் குறைவாக இருந்தால் கேட்டு வாங்கத்தான் வேண்டும். அதில் கூச்சமே வேண்டாம். ஆனால் சம்பளம் கூடிய மூன்றாவது மாதம் மனசு பழைய இடத்துக்கே வந்து நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அமெரிக்க உளவியலாளர் ஃப்ரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இருநூறு சொச்சம் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து 1959-இல் ஒரு முடிவுக்கு வந்தார். வேலை பிடிக்காமல் போன நேரங்களைப் பற்றிக் கேட்டால் நிர்வாகத்தின் போக்கு, மேலதிகாரி, சம்பளம், வேலைச் சூழல் என்று சொன்னார்கள். வேலை பிடித்திருந்த நேரங்களைப் பற்றிக் கேட்டால் ஒன்றைச் சாதித்தது, அதை யாராவது கவனித்துச் சொன்னது, பொறுப்பு கிடைத்தது, அந்த வேலையே பிடித்துப்போனது என்று சொன்னார்கள். முதல் வகைக் குறைகளைச் சரி செய்தால் கசப்பு போகும், உற்சாகம் அதனாலேயே வந்துவிடாது என்பது அவர் கணிப்பு. ஒன்றில் இருக்கும் குறைக்கு இன்னொன்றில் மருந்து தேடுகிறோம்.

முடிவே இல்லாமல் வேலையை ஓட விடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் கதையும் இதில்தான் இருக்கிறது.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனுக்குக் 'கொண்டுவிற்க'ப் போனவர். கடல் கடந்து தொழில் செய்யப் போவதை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். கடைசிப் படியான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்தும் மேலாள் ஆனார். நகரத்தார் கடைகளில் அன்றைக்கு மூன்று வருடக் கணக்கு என்பது வழக்கம். மூன்று வருடம் முடிந்ததும் ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு எடுத்து, பேரேட்டை அடுத்து வருபவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறி ஊர் திரும்புவார்கள். ஊரில் சில மாதம் ஓய்வு. மேலாளுக்குச் சம்பளம் போக லாபத்திலும் ஒரு பங்கு உண்டு.

அந்த வாழ்க்கையை நான் உயர்த்திப் பேச வரவில்லை. மூன்று வருடம் பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்காத வேலை அது. ஆயா, அதாவது பாட்டி, தனியாகக் கிடந்து பட்ட பாட்டை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஏற்பாட்டில் மூன்று விஷயம் தெளிவாக இருந்தது: அடுத்த படி எது என்று தெரியும், கணக்கு முடிகிற நாள் தெரியும், முடிந்ததும் ஓய்வு உண்டு.

என் வேலையில் இந்த மூன்றும் இல்லை. ஆடித் தள்ளுபடிக் கணக்கு முடியும் முன்பே தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும். அதன் பில்கள் அடங்குவதற்குள் பொங்கல். எந்த நாளிலும் 'முடிந்தது' என்று பேனாவை மூடியதே கிடையாது. அது புரிந்த பிறகு முதலாளியைக் கேட்கவில்லை, எனக்கு நானே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதியோடு போன மாதக் கணக்கு கட்டி வைக்கப்படும். அன்று சாயங்காலம் வேறு வேலை தொடுவதில்லை. அலமாரியைத் துடைத்து, கட்டுகளை அடுக்கி, சீட்டு ஒட்டிவிட்டுக் கிளம்புவேன். சின்ன ஏற்பாடுதான். பஸ் ஏறும்போது இருந்த கனம் அதில்தான் முதலில் குறைந்தது.

செய்து முடித்ததை எழுதி வைக்காமல் இருப்பது

ஆத்தங்குடிக்குப் போனால் ஏதாவது ஒரு தரைக்கல் (டைல்ஸ்) பட்டறையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் சட்டம், அதற்குள் பூவச்சு. ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு மூச்சைப் பிடித்த மாதிரி அச்சை அசங்காமல் தூக்க வேண்டும். மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவார்கள். பூ இருப்பது அடியில், கண்ணாடிப் பக்கம். கல் இறுகி, தண்ணீர்த் தொட்டியில் ஊறி வெளியே வந்த பிறகுதான் தான் போட்ட பூவை அவரே முழுசாகப் பார்க்கிறார். அன்றன்றைக்கு அவர் கண்ணில் படுவதெல்லாம் சாம்பல் நிற முதுகுதான்.

நான் போன பட்டறையில் ஒருவர் பக்கத்துச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "எத்தனை போட்டிருக்கோம்னு கண்ணுல தெரிஞ்சாத்தான் ஆச்சி, கை ஓடும்" என்றார்.

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் தெரசா அமபைல் செய்த ஆய்வு எனக்கு அந்தச் சுவரைத்தான் நினைவுபடுத்துகிறது. 238 ஊழியர்கள் தினமும் எழுதி அனுப்பிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை அவர் குழு படித்தது. மனநிலை நன்றாக இருந்த நாட்களில் அதிகமாகத் தென்பட்டது, அர்த்தமுள்ள வேலையில் ஓரடி முன்னே போயிருந்ததுதான். அந்த ஓரடி சின்னதாக இருந்தாலும் போதும்.

நம்மில் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். காலையில் செய்ய வேண்டியவை என்று 14 வரி எழுதுவோம், சாயங்காலம் மிச்சமிருக்கும் 9 வரியை மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். முடிந்த ஐந்தை யாரும் வரவு வைப்பதில்லை. நான் ஒரு கைச்சிட்டை வைத்திருக்கிறேன், கிளம்பும் முன் மூன்று வரி. 'இன்று வேலை பார்த்தேன்' என்று எழுதிப் பயனில்லை. ஒருநாள் எழுதியது இது: 'ஈரோட்டுச் சரக்கில் 1,240 ரூபாய் இடித்தது. காரணம் கிடைத்தது. ஒரு பண்டல் திரும்பிப் போனது பதிவாகவில்லை.' இப்படிக் குறிப்பாக எழுதினால்தான் மறுநாள் படிக்கும்போது தெம்பு வரும்.

களைப்பை வைராக்கியத்தால் அடிப்பது

காலை நான்கு மணிக்கு எழு, வீடியோ பார், உன்னால் முடியும் என்று கத்து. நல்ல மனசோடு சொல்லப்படும் யோசனைகள்தான், ஆனால் வற்றிப்போனவருக்கு அது கூடுதல் சுமை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒப்புக்கொண்ட ஐசிடி-11 என்ற நோய் வகைப் பட்டியலில் இந்த வற்றிப்போதலுக்கு (பர்ன்-அவுட்) இடம் உண்டு. அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தின் விளைவு என்று சொல்கிறார்கள். சக்தி தீர்ந்துபோவது, வேலைமேல் விலகலோ கசப்போ வருவது, முன்பு போல் செய்ய முடியவில்லை என்ற எண்ணம், இவை மூன்றும் அதன் அடையாளங்கள். காரணம் வேலையிடத்தில் இருக்கும்போது உங்களைச் சாட்டையால் அடித்து என்ன ஆகப்போகிறது? விடுப்பு எடுங்கள், சுமையில் ஒரு பங்கை இறக்கக் கேளுங்கள். வேலையோடு நிற்காமல் வீட்டிலும் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் சாப்பாடு கெட்டுவிட்டது என்றால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மனாஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

பள்ளி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் சிங்கப்பூர்க்காரரின் கார் படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் வேலையை எடைபோடுவதும் தவறுதான். அதற்கு நீளமாகப் பேச வேண்டியதில்லை, குழுவை மியூட் செய்தால் போதும்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரையன் என்ற இரு ஆய்வாளர்கள், மனுஷனுக்குத் தன் முடிவில் ஒன்றைச் செய்வதும், அதில் கை தேர்வதும், உடனிருப்பவர்களோடு ஒட்டுறவும் தேவை என்கிறார்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. எந்த பில் கட்டை முதலில் எடுப்பது என்பதை உங்களிடம் வேலை பார்ப்பவரே முடிவு செய்யட்டும். தவறு வந்தால் வாடிக்கையாளர் எதிரில் சொல்லாதீர்கள், உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

எட்டாத உயரத்தில் இலக்கு வைப்பது

'இந்த வருடம் டேலி (கணக்கு மென்பொருள்) முழுசும் கற்றுக்கொண்டுவிடுவேன்' என்று என் பிரிவில் ஒரு பெண் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீடுகளில் பிள்ளையார் நோன்புக்குத் திருக்கார்த்திகையிலிருந்து கோடித் துணியில் நாளுக்கு ஒரு நூலாக எடுத்து வைப்போம். 21 நூல் சேர்ந்ததும் திரியாகத் திரித்து, இழைமா என்ற இனிப்பு மாவில் வைத்து ஏற்றுவோம். அதையே அவளுக்குச் சொன்னேன்: நாளுக்கு ஒரு வகைப் பதிவு, அதற்கு மேல் தொடாதே. முதல் நாள் ரொக்க ரசீது மட்டும், மறுநாள் ரொக்கச் செலவு, அதற்கடுத்த நாள் கடன் கொள்முதல். ஆறாம் நாள் சலித்துக்கொண்டாள், பத்தாம் நாள் அவளே காலையில் முன்னால் வந்து உட்கார்ந்தாள். 21-ஆம் நாள் வங்கிக் கணக்கு ஒப்பிடுவதைத் தனியாகவே முடித்தாள். இப்போது ஜிஎஸ்டிக்கென்று இன்னொரு நோட்டுப் போட்டிருக்கிறாள், அட்டையில் பிள்ளையார் சுழிக்குக் கீழே 1 முதல் 21 வரை எண் எழுதி.