டிராக்டர் கிராங்க் ஷாஃப்ட் மாற்றுவது: த்ரஸ்ட் வாஷரை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது?

மலேசியாவில், பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில், செம்பனைக் குலை இழுக்கும் மாஸி ஃபெர்கூசன் 135 ஒன்று எங்களிடம் இருக்கிறது. மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல். அதன் கிராங்க் ஷாஃப்ட்டை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டை, இரண்டு முறை மாற்றினேன். இரண்டாவது முறை மாற்ற நேர்ந்ததற்கு நானே காரணம்.

எண்ணெய் வடிப்பது, ஹெட்டைக் கழற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இந்த டிராக்டருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, எஞ்சினே முதுகெலும்பு. எஞ்சினைப் பிரிக்கும் முன் கியர்பாக்ஸுக்கு அடியில் உறுதியான தாங்கல் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் பேரிங் மூடிகளைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் எண்ணும் முன்பக்க அடையாளமும் குத்தி வையுங்கள். டைமிங் கியர் குறிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைந்த ஷாஃப்ட் வாங்கினால் 0.010, 0.020, 0.030 அங்குலம் என எந்த அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அதே அளவு ஷெல் (பேரிங்குக்குள் உட்காரும் அரைவட்டத் தகடு) வாங்குங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் மைக்ரோமீட்டரில் நீங்களே அளந்து பாருங்கள். எண்ணெய்த் துளைகளை மண்ணெண்ணெயால் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் கறை படுவது நிற்கும் வரை துடையுங்கள்.

இனி நான் தவறிய இடம். பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் பிறை வடிவில் உட்காரும். அவற்றின் ஒரு முகத்தில் எண்ணெய்க் காடிகள் இருக்கும். மறுமுகம் வெறும் எஃகு. காடி உள்ள முகம் ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். நான் பின்பக்க வாஷரைத் திருப்பிப் போட்டுவிட்டேன். கிளட்ச்சை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட் முன்னே தள்ளப்படும். அந்தச் சுமையைத் தாங்குவது அந்த வாஷர்தான். சில வாரங்களில், கிளட்ச்சை மிதித்தால் முன்பக்க புல்லி அரை நூல் அளவு முன்னே வருவதையும், காலை எடுத்தால் பின்னே போவதையும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. திறந்து பார்த்தால், எண்ணெய்த் தட்டின் அடியில் சாம்பல் நிறத் தூள்.

ஆகவே மூடிகளை இறுக்கியதும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் நெம்பி, அசைவு கையேட்டின் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளியில் தகடு செருகி அளக்கும் ஃபீலர் கேஜாலும் பார்க்கலாம், எனக்கு டயல் கேஜ்தான் பிடிக்கும். இறுக்க, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் மட்டுமே. காற்றழுத்தத்தில் போல்ட் முறுக்கும் துப்பாக்கியை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள்.

எல்லாம் பூட்டிய பின், டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு ஓட்டுங்கள். எண்ணெய் அழுத்த முள் எழுந்த பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள்.

பின்சேர்க்கை: "கடைசி மூடியை இறுக்கியதும் ஷாஃப்ட் சுற்றவே இல்லை" என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு மூடியை இறுக்கியதும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எந்த மூடியில் பிடிக்கிறதோ அதைக் கழற்றுங்கள். மூடி இடம் மாறியிருக்கும், அல்லது ஷெல்லுக்குப் பின்னால் ஏதாவது துகள் சிக்கியிருக்கும். அவருக்குச் சிக்கியிருந்தது பழைய கேஸ்கெட்டின் ஒரு துணுக்கு.