எல்லா வில்லைகளும் ‘கடன்’ படம் போட்ட அட்டையிலேயே குவிந்தன: என் அனுபவம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூக்கட்டுபவர்கள், பலகாரம் விற்பவர்களின் தேவைகளை அறிய ஓர் அட்டை விளையாட்டு நடத்தினோம். கழிப்பறை, நிழல், கடன், உரிமம், 2017 சட்டப்படி சுயதொழிலாளர்களுக்கான பெர்கேசோ (மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு என ஒவ்வொன்றுக்கும் படம் போட்ட ஓர் அட்டை. எது அதிகம் தேவையோ அந்த அட்டையில் அதிகம் வைக்க, ஆளுக்குப் பத்து வில்லைகள். எந்தக் குழுவிலும் எல்லாம் ‘கடன்’ படம் போட்ட அட்டையிலேயே குவிந்தன. பேச்சில் வந்ததோ வேறு: கழிப்பறைக்குப் போகக் கடையை விட்டு நகர முடியாததால் பலர் தண்ணீரே குடிப்பதில்லையாம்.

அட்டைகளைக் குறைத்தோம், வரிசையை மாற்றினோம், படங்களைப் பெரிதாக்கினோம். பலனில்லை.

நாங்கள் வில்லையாகக் கொடுத்தது 20 சென் நாணயம். அதைக் கையில் உருட்டியபடி பூக்கார அக்கா ஒருவர், "காசுன்னா வட்டிக்குத்தானே தம்பி போகும்" என்றார். அங்கேதான் பிடிபட்டது: கையில் காசு இருந்ததால் எல்லாருக்கும் கடன்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. நாணயத்தை எடுத்துவிட்டுப் புளியங்கொட்டை கொடுத்தோம். மக்களையே சேர்த்துக்கொண்டு நடத்தும் பங்கேற்பு ஆய்வுகளில் விதையும் கல்லும் ஏன் இத்தனை புழக்கத்தில் இருக்கின்றன என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கழிப்பறை அட்டை நிறைந்தது. வெற்று அட்டையில் அவர்களே ஒன்று சேர்த்தார்கள்: பத்து நிமிஷம் கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் ஒன்று, கொட்டையை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பிசுபிசுத்தால் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். வைத்ததை நகர்த்தி மறுபடி யோசிக்க மாட்டார்கள்.