கோலாலம்பூரில் கடை எடுப்பதற்கு முன்

தமிழகத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்சிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ கடை போட நினைப்பவர்கள் முதலில் இடம் தேடுகிறார்கள். அதற்கு முன்பே முடிவாக வேண்டியது, கடை யார் பெயரில் என்பது.

தனிநபர் வணிகத்தை எஸ்எஸ்எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதியக் மலேசியக் குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ வேண்டும். சொந்தப் பெயரென்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயரென்றால் 60. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் செண்டிரியான் பெர்ஹாட், அதாவது பிரைவேட் லிமிடெட் கம்பெனிதான். பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. வெளிநாட்டவர் பங்கு இருந்தால் சில்லறை வணிகத்துக்கும் உணவகத்துக்கும் உள்நாட்டு வாணிப அமைச்சின் அனுமதி தேவை. அதற்குப் பொதுவாகக் கேட்கும் மூலதனம் 10 லட்சம் வெள்ளி.

இதைக் கேட்டு மலைத்துத்தான் சிலர் உள்ளூர்க்காரர் ஒருவருடைய லைசன்சை மாத வாடகைக்கு எடுக்கிறார்கள். வேண்டாம். லைசன்ஸ், வங்கிக் கணக்கு, டெபாசிட் எல்லாம் அவர் பெயரில் இருக்கும். போட்ட காசு மட்டும் உங்களுடையது. நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் புகார் கொடுக்கவும் முடியாது, ஏற்பாடே சட்டவிரோதம்.

அடுத்தது வாடகை. கடை மாதம் 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று சாவி கைக்கு வரும்போதே 21,000 போய்விடும், இன்னும் ஒரு சட்டிகூட வாங்கவில்லை. ஆகவே புதுப்பிப்பு வேலை முடியும்வரை வாடகை இல்லாத ஒரு மாதமாவது கேளுங்கள். காலியாகக் கிடந்த கடை என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய வரி, “சந்தை விலையில் புதுப்பிக்கலாம்” என்பது. இரண்டு வருடத்தில் நீங்கள் பிடித்துவைத்த வாடிக்கையே உங்கள் வாடகையை ஏற்றிவிடும். பழைய வாடகைக்கு மேல் இத்தனை விழுக்காட்டைத் தாண்டாது என்று எழுத்தில் வாங்குங்கள். சட்டம் காப்பாற்றும் என்று இருக்க வேண்டாம்: பழைய வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியோடு போய்விட்டது, பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பல சிறுகடைகள் அதோடு இடம்பெயர்ந்தன. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டுங்கள். கட்டாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பழைய மின்கட்டண பாக்கியையும் அன்றே விசாரியுங்கள்.

இப்போது சாப்பாட்டுக் கணக்கு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. உள்ளூர் ஊழியருக்கு முதலாளியின் ஈபிஎப் (சேமநிதி) பங்கு 13 விழுக்காடு, அதாவது 221. இரண்டு பேருக்கு 3,842, சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதிச் சந்தா தனி. வாடகை 6,000, கரண்டும் கேஸும் 1,200 என்றால் மொத்தம் 11,042. பத்து வெள்ளி சாப்பாட்டில் பொருள் செலவு நான்கு போனால் ஆறு நிற்கும். மாதம் 26 நாளில் தினம் 71 சாப்பாடு விற்றால்தான் செலவு கட்டும், உங்கள் கூலி இன்னும் வரவில்லை. மதியக் கூட்டத்தை இரண்டு வாரம் அந்தத் தெருவிலேயே நின்று எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம்.

வெளிநாட்டு ஊழியர் மலிவு என்ற நம்பிக்கையும் தப்பு. சேவைத் துறையில் அரசுக்குக் கட்டும் லெவி தலைக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளி, தங்குமிடம் வேறு. சமையலறையில் கை வைக்கும் எல்லாருக்கும் டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். கொழுப்பு வடிகட்டும் தொட்டிக்கு இடம் இருக்கிறதா என்பதைக் கடையைச் சுற்றிப் பார்க்கும்போதே கவனியுங்கள்.