பழைய பத்திரிகைச் சிரிப்புச் சித்திரத்தைச் சுவரில் மாட்டுவது எப்படி?

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு சித்திரம் தொங்குகிறது. சாய்வு நாற்காலியில் ஒருவர், முகத்தின்மேல் விரித்த செய்தித்தாள். வாசலில் நிற்கும் தபால்காரரிடம் சிறுவன் சொல்கிறான்: "அப்பா முக்கியமான வேலையாக இருக்கிறார், ஸார்!"

தாத்தா பத்திரிகைத் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்திருந்த தொகுப்பில், ஒரு பக்கத்தின் மூலையில் உள்ளங்கை அகலத்தில் கிடந்தது அது. சிறுவயதிலிருந்து பார்த்த பக்கம்தான். ஆனால் மூன்று மடங்கு பெரிதாக்கிய பிறகுதான், செய்தித்தாளின் நடுப்பகுதி குறட்டையில் மேலெழும்புவதை ஓவியர் இரண்டே வளைகோடுகளில் காட்டியிருப்பது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. முதல்முறை செய்பவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், எந்தச் சித்திரம்?

தமிழில் நமக்குப் பஞ்சமே இல்லை. பாரதி 1906இலேயே 'இந்தியா' வார இதழில் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். பிறகு ஆனந்த விகடனில் மாலி, ராஜு, கோபுலு என்று பெரிய வரிசை. ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். சிங்கப்பூரில் ஓவியரின் வாழ்நாளுக்குப் பிறகு 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. இந்தியாவில் 60 ஆண்டுகள். கோபுலு மறைந்தது 2015இல். அவர் வரைந்ததை அச்சிட்டு விற்கவோ இணையத்தில் பரப்பவோ நினைத்தால் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். அந்தக் கவலையே வேண்டாம் என்பவர்கள் வங்கத்தின் ககனேந்திரநாத் தாகூர் (மறைவு 1938), பிரான்சின் தோமியே (1879), இங்கிலாந்தின் ஜான் டெனியல் (1914) ஆகியோரிடமிருந்து தொடங்கலாம்.

கோடுகள் தெளிவாக, வெற்றிடம் நிறைய உள்ள சித்திரமாகத் தேர்ந்தெடுங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளால் நிழல் காட்டிய படங்கள் பெரிதாக்கும்போது கலங்கிவிடும்.

ஸ்கேன் செய்தல்

மூலப் பக்கத்தைச் சட்டமிட வேண்டாம். அந்தக் காலப் பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. வெளிச்சம் படப்படப் பழுத்து உதிரும். பிரதி சுவருக்கு, மூலம் பெட்டிக்கு. பெட்டியில் வைக்கும் முன் இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று தையல் ஓரத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கேன் கணக்கு எளிது. 8 சென்டிமீட்டர் அகலப் படத்தை 24 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோவது மூன்று மடங்கு. அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்றால் ஸ்கேனில் 900 வேண்டும். நான் 1200 வைத்துவிடுவேன். கருப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்து தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள்.

பழைய தாள் மெல்லியது. பின்பக்கத்து எழுத்துகள் பேய் போல இந்தப் பக்கம் தெரியும். பக்கத்தின் முதுகில் ஒரு கருப்புத் தாளை வைத்து ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். இதை அறியாமல் நான் ஒரு மாலை முழுவதும் கணினியில் எழுத்து எழுத்தாக அழித்துக்கொண்டிருந்தேன்.

சுத்தம் செய்தல்

இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளே போதும். 'லெவல்ஸ்' பகுதியில் கருமையைக் கொஞ்சம் கூட்டி, தாளின் பழுப்பைக் கொஞ்சம் குறையுங்கள். பால் வெள்ளையாக்கிவிடாதீர்கள், மையின் ஓரம் தாளில் லேசாக ஊறியிருப்பதுதான் அச்சுக்கூடத்து பிளாக்கின் (படத்தை அச்சிடும் அச்சுக்கட்டையின்) அடையாளம், அதுவும் சேர்ந்து போய்விடும். கறை, பூச்சி அரித்த ஓட்டை இவற்றை மட்டும் நீக்கினால் போதும்.

படத்தின் கீழே உள்ள வசனத்தை வெட்டவே வெட்டாதீர்கள். அழகுக்காகப் படத்தை மட்டும் எடுத்து மாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், மனம் ஒப்பவில்லை. வசனம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டுப் படத்தில் இருப்பவர் வெறுமனே தூங்குகிறார். வசனம் இருப்பதால்தான் அவர் வேலையாக இருக்கிறார்! புதிய எழுத்துருவில் திரும்பத் தட்டச்சு செய்வதும் வேண்டாம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய அச்சு என்றால் 'வேலை'யில் வரும் 'லை' தும்பிக்கை தூக்கி நிற்கும். தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள் அதைப் பார்த்து, "இது என்ன எழுத்து அப்பா?" என்று கேட்டாள். தும்பிக்கையை விரலால் தடவிக் காட்டினேன். இப்போது தன் பெயரில் அந்த எழுத்து இல்லையே என்று அவளுக்கு வருத்தம்.

அச்சிடுதல்

பென்கூலன் ஸ்திரீட்டில் உள்ள சன்ஷைன் பிளாசாவில் அச்சுக் கடைகள் நிறைய உண்டு. அமிலமற்ற, பளபளப்பில்லாத தாள், சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேல், எளிதில் வெளுக்காத பிக்மென்ட் மை என்று கேளுங்கள். முழு அளவில் அச்சிடும் முன் ஒரு மூலையை மட்டும் சோதனைக்கு எடுத்துப் பாருங்கள்.

சட்டம்

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் சட்டமிட்டுத் தருவார்கள். ஆயத்தச் சட்டமும் போதும். 30க்கு 40 சென்டிமீட்டர் சட்டத்துக்குள் ஏ4 படம் அழகாக உட்காரும். நடுவில் படத்துக்காகச் செவ்வகமாக வெட்டிய மவுண்ட் அட்டையைத் தவிர்க்காதீர்கள். அலங்காரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் தாள் கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒரு கடையில் அட்டையில்லாமல் மாட்டித் தந்த என் முதல் படம் ஓராண்டுக்குள் ஒட்டிவிட்டது. பிரித்தபோது தபால்காரரின் தொப்பி கண்ணாடியோடு போயிற்று. சட்டத்தின் பின்மூலைகளில் சிறு ரப்பர் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றோடும், பூஞ்சை பிடிக்காது.

மாட்டுதல்

மாலை வெயில் நேராக விழும் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், தாளிப்புப் புகை வரும் இடம் இம்மூன்றும் வேண்டாம். வீவக வீட்டின் கான்கிரீட் சுவரில் துளையிட மனமில்லாதவர்கள் ஒட்டுப்பட்டை வாங்கலாம். சட்டத்தின் எடையைத் தாங்குமா என்று உறையில் பார்த்து வாங்குங்கள். சுவரை ஈரத்துணியால் துடைக்காமல் ஆல்கஹாலால் துடைத்து, 30 விநாடி அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்துப் படத்தை மாட்டுங்கள்.

ஓவியக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்டிமீட்டரில் இருக்கும். சிரிப்புச் சித்திரம் படிப்பதற்குமானது. சாப்பாட்டு மேசை அருகே என்றால் 120க்கு இறக்குங்கள்; உட்கார்ந்தபடியே வசனம் படிக்க வேண்டும். சுவர் இதற்குப் புதிய இடமும் அல்ல: 'கார்ட்டூன்' என்ற சொல்லே முதலில் சுவரோவியத்துக்காகத் தடித்த தாளில் வரையும் முன்வரைவைத்தான் குறித்தது. லண்டனின் 'பஞ்ச்' இதழ் 1843இல் கேலியாக எடுத்தாண்ட பிறகுதான் இன்றைய பொருள் வந்தது.

மாட்டுவதற்கு முன் சட்டத்தின் பின்புறம் பத்திரிகையின் பெயர், ஓவியர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். எங்கள் படத்தில் ஓவியரின் கையெழுத்து பாதி பைண்டிங் தையலுக்குள் போய்விட்டது. மீதிப் பாதியை அப்படியே பார்த்து வரைந்து, கீழே 'தாத்தாவின் தொகுப்பு, பக்கம் 212' என்று எழுதி வைத்திருக்கிறேன்.