மாரத்தான் போரை ஒரு சார்ட்டில் நடத்திப் பார்ப்பது எப்படி?

கி.மு. 490இல் மாரத்தான் சமவெளியில் ஏதென்சு படை பாரசீகரை வென்ற கதையில், ‘நடு அணியை மெலிதாக்கினார்கள், பக்க அணிகளை வலுவாக்கினார்கள்’ என்ற வரி கட்டாயம் வரும். ஏன், எவ்வளவு என்பதெல்லாம் கையால் அடுக்கிப் பார்த்தால்தான் பிடிபடும். சமையலறைப் பருப்பே இதற்குப் போதும்.

தேவையானவை: 55×70 செ.மீ. சார்ட் ஒன்று, அளவுகோல், பென்சில், துவரம்பருப்பு 55 (கிரேக்கர்), சிவப்புக் காராமணி 100 (பாரசீகர்). ஒவ்வொன்றும் 200 வீரர்கள். முழுத் துவரை வேண்டாம், உருண்டு வரிசையைக் கலைத்துவிடும். உடைத்த பருப்பைத் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள்.

கிரேக்கர் சுமார் 11,000 பேர்: ஏதென்சு 10,000, அதன் நட்பு நகரமான பிளாட்டியா 1,000. பாரசீகக் காலாட்படையின் எண்ணிக்கையைப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லவில்லை. இக்கால ஆய்வாளர்கள் பலர் 20,000 முதல் 25,000 வரை என்கிறார்கள். நாம் 20,000 என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: களம். 1 செ.மீ. = 30 மீட்டர். சார்ட்டின் கீழ் விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி 49 செ.மீ. நீளத்துக்குக் கிரேக்கர் கோடு. அதற்கு 50 செ.மீ. மேலே அதே நீளத்துக்குப் பாரசீகர் கோடு. படைகளுக்கு நடுவே இருந்த 8 ஸ்டேடியா, அதாவது சுமார் 1.5 கி.மீ. தூரம்தான் இந்த 50 செ.மீ. மேலே மிஞ்சும் இடம் கடற்கரைக்கும் கப்பல்களுக்கும்.

படி 2: அணிவகுப்பு. அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. கேடயத்தோடு நிற்கும் வீரருக்குச் சுமார் 90 செ.மீ. அகலம் வேண்டும். எல்லாரையும் வழக்கம்போல 8 பேர் ஆழத்தில் (ஒருவர் பின் ஒருவராக 8 பேர்) நிறுத்தினால் 1,375 நிரைகள், சுமார் 1,240 மீட்டர், சார்ட்டில் 41 செ.மீ. ஒரு முறை அப்படியே அடுக்கிப் பாருங்கள். எதிரியின் வரிசை இரு பக்கமும் 4 செ.மீ. நீண்டு நிற்கும். அந்த முனைகள் வளைந்து வந்தால் கிரேக்கர் சூழப்படுவார்கள்.

இப்போது நடுவில் இருக்கும் 2,000 பேரை மட்டும் 4 பேர் ஆழமாக்குங்கள். வலப்பக்கம் 20 பருப்பு, இடப்பக்கம் 25 (கடைக்கோடி 5 பிளாட்டியர்), இரண்டிலும் பருப்புக்குப் பருப்பு முக்கால் செ.மீ. இடைவெளி. நடுவில் 10 பருப்பு, ஒன்றரை செ.மீ. இடைவெளியில். மொத்தம் 49 செ.மீ.க்கு வந்துவிடும். 4, 8 என்பவை இன்றைய கணக்கு. ஹெரோடோட்டஸ் நடுவில் சில வரிசைகளே இருந்தன என்று மட்டும் சொல்கிறார். காராமணியை 50 வீதம் இரண்டு வரிசையாக வையுங்கள். நடுவில் இருக்கும் 30தான் பாரசீகரும் மத்திய ஆசியச் சகரும், அப்படையின் சிறந்த வீரர்கள். குதிரை வைக்க வேண்டாம். மோதலைச் சொல்லும்போது ஹெரோடோட்டஸ் குதிரைப்படையைப் பற்றிப் பேசவில்லை.

படி 3: ஓட்டம். பாரசீகர் கோட்டுக்கு 6 செ.மீ. முன்னால் ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். அம்பு பலமாகத் தைக்கும் எல்லை அது, சுமார் 180 மீட்டர். நடந்தால் இரண்டு நிமிடம் அம்புமழையில் நனைய வேண்டும், ஓடினால் ஒரு நிமிடம். ஹெரோடோட்டஸ் முழுத் தூரமும் ஓடியதாக எழுதுகிறார். ஏறக்குறைய 20 கிலோ ஆயுதச் சுமையோடு 1.5 கி.மீ. ஓடி வரிசை குலையாமல் மோதுவது நடக்காத காரியம். புள்ளிக்கோடுவரை நடத்துங்கள், அதற்குப் பிறகு ஓடவிடுங்கள்.

படி 4: மோதல். முதலில் நடுவில் உள்ள 10 பருப்பைப் பின்னே தள்ளி, 30 காராமணியைத் துரத்தவிடுங்கள். அடுத்து, இரு பக்கக் காராமணிகளைக் கப்பல் பக்கம் ஓட்டுங்கள். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான்: பக்க அணிகள் இன்னும் போரிட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அவற்றின் முதுகு எதிரிக்குத் திறந்துவிடும். எதிரே நின்றவர்கள் ஓடிய பிறகு, அவர்களைத் துரத்தாமல் நின்று, இரு பக்கமும் ஒன்றுசேர்ந்து நடுவை உடைத்தவர்கள்மேல் திரும்பியதுதான் உண்மையான வரிசை. வெற்றி கண்ணெதிரே ஓடும்போது துரத்தாமல் நிற்பது எவ்வளவு கட்டுப்பாடு!

படி 5: கடற்கரை. எல்லாரையும் கப்பல்கள்வரை நகர்த்துங்கள். ஏழு கப்பல்கள் பிடிபட்டன. ஏதென்சுத் தளபதி கல்லிமாக்கஸ் இறந்தார். கப்பலின் பின்முனையைப் பிடித்த ஏதென்சு வீரர் சைனிகைரசின் கையைக் கோடரியால் வெட்டினார்கள்.

கடைசியாக, இறந்தவர்களை எடுங்கள். பாரசீகர் 6,400: காராமணி 32. ஏதென்சுக்காரர் 192: ஒரு பருப்புக்கும் குறைவு. அவர்களைப் புதைத்த மண்மேடு இன்றும் அங்கே இருக்கிறது, விட்டம் சுமார் 50 மீட்டர். 1.7 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வரைந்து, அந்த ஒரு பருப்பை அதற்குள் வையுங்கள்.